பச்சைப் புள்ளிகள்

மூன்று டைகளில் ஒன்றில் கிரேவிக் கறை. இன்னொன்றைப் பூச்சி அரித்திருந்தது. மிச்சமிருந்த பழுப்பு டையை ட்ரெஸ்ஸா அப்பாவின் கறுப்புக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒலீட்டா ஒரு கை தபாலோடு அறைக்குள் வந்தாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள துணி வேணும்னு ஃப்யூனரல் ஹோம்காரர் ரெண்டு தடவ ஃபோன் பண்ணிட்டாரு. இன்னும் என்னடி பண்ற?"

"கோட்டு பெருசா இருக்கும்மா. இதுக்குள்ள ரெண்டு அப்பா போகலாம்."

"முதுகுப் பக்கம் கிழிச்சு ஊசி குத்திச் சரி பண்ணிடுவாங்களாம். முன்னால நிக்கிறவங்களுக்குத் தெரியாதாம்." ஒலீட்டா தபாலைக் கட்டிலில் போட்டாள். "இதெல்லாம் நீயே பாரு. எனக்குத் தெம்பில்ல."

அப்பா வெர்லின் வியாழக்கிழமை மதியம் செத்துப்போயிருந்தார். முன்னறையில், சாய்வு நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும்போது. வயது அறுபத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருஷம் கிழக்குக் கென்டக்கியின் மலைகளுக்கு அடியில், நிலக்கரிச் சுரங்கத்தில் போனது. எதனால் சாவார் என்பது இருபது வருஷமாக எல்லோருக்கும் தெரியும். நாள்தான் தெரியாமல் இருந்தது. அதனால் வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை. ட்ரெஸ்ஸா லெக்சிங்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்து இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான்.

தபாலில் நான்கு அனுதாப அட்டைகள். ஒரு விதைக் கடைப் புத்தகம். அப்புறம் அரசாங்கக் காப்பீட்டுக் கடிதம். அதன் தலைப்பில் கொட்டை எழுத்தில், 'இது பில் அல்ல.'

வேறு யாராக இருந்தாலும் மடித்து வைத்திருப்பார்கள். ட்ரெஸ்ஸாவின் கண் நேராக எண்களுக்குப் போனது. லெக்சிங்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதே வேலை. டாக்டர்கள் செய்ததையெல்லாம் ஐந்து இலக்கக் குறியீட்டு எண்களாக மாற்றி எழுதுவாள். தையல் போட்டால் ஓர் எண், தையல் பிரித்தால் ஓர் எண். மனிதர்களின் பெயர் மறந்துவிடும், எண் மறக்காது.

94014. நோயாளி தன் வீட்டிலேயே உட்கார்ந்து நுரையீரல் பரிசோதனைக் கருவியில் ஊதுவது. ஊதியது கம்பியில்லாமல் கிளினிக்குக்குப் போவது. டாக்டர் அதைப் படித்துப் பார்த்து எழுதுவது. முப்பது நாளுக்கு ஒரு தடவைதான் போட முடியும். கடிதத்தில் இருந்த முப்பது நாள், ஏப்ரல் மூன்றிலிருந்து மே இரண்டு வரை.

ட்ரெஸ்ஸா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் ஒன்பதிலிருந்து இருபது வரை அப்பா இந்த வீட்டிலேயே இல்லை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் கிடந்தார். தினமும் சாயந்தரம் வேலை முடிந்து மேலே ஏறிப் போய், ஸ்பூனால் சூப் ஊட்டியவள் அவள்தான். ஒரு வாய் விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்கு அவர் மூச்சு வாங்கிக் காத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

கருவி முன்னறை ஜன்னல் திட்டில் இருந்தது. உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா, வாயில் வைத்து ஊத ஒரு அட்டைக் குழல், பக்கத்தில் கிளினிக் கொடுத்த டேப்லெட். அவள் டேப்லெட்டைத் திறந்தாள். நாளுக்கு ஒரு புள்ளி; மூச்சு போதுமானால் பச்சை, குறைந்தால் சிவப்பு. மார்ச் முழுக்கச் சிவப்பு. நடுவில் நாலைந்து பச்சை. ஏப்ரல் ஒன்பதிலிருந்து இருபது வரை ஒன்பது புள்ளிகள். ஒன்பதும் பச்சை. கீழே யாரோ முகமில்லாதவர்கள் அனுப்பிய செய்தி: 'நல்ல முன்னேற்றம், வெர்லின்! இப்படியே தொடருங்கள்!'

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறாள். கால் இல்லாதவருக்கு நடைப்பயிற்சி கொடுத்ததாக எழுதுவார்கள். செத்து இரண்டு நாள் ஆனவருக்கு ரத்த அழுத்தம் பார்த்ததாக எழுதுவார்கள். கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு ஃபோன் நம்பர் இருந்தது, சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி. திங்கட்கிழமை அடக்கம்; செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஏப்ரல்ல இந்த மிஷின்ல ஊதினது யாரு?"

"உங்கப்பாதான். வேற யாரு?"

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. அம்மா அப்பாவின் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்த காலுறைகள்.

"அவர் என்கூட ஆஸ்பத்திரில இருந்தப்பவா?"

"அந்த மிஷினப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கோட்டக் கொடு, நேரமாச்சு." ஒலீட்டா மகளின் முகத்தைப் பார்க்காமல் துணிகளை அள்ளிக்கொண்டு போனாள்.

அப்படியென்றால் இதில் இருப்பது கிளினிக் மட்டும் இல்லை.

பதினொரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை செய்கிற மார்வெட்டா. இந்தக் கருவியை அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்துப் பழக்கியவள் அவள்தான். ஐம்பது வயது இருக்கும். கையில் துணி மூடிய கண்ணாடிப் பாத்திரம், சிக்கன் டம்ப்ளிங்ஸ். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், வெர்லினைப் போல் ஒரு மனிதர் கிடையாது என்றாள், எல்லாம் முறையாகச் செய்தாள். பிறகு ட்ரெஸ்ஸாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பக் கேக்கக் கூடாதுதான். அந்த மிஷினத் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அவ்வளவு அவசரமா? இன்னும் அவரப் புதைக்கக்கூட இல்ல."

"காத்திருக்கிற ஆளுங்க நிறையப் பேரு. எங்ககிட்ட இருக்கிறது பன்னெண்டு மிஷின்தான்."

"இல்ல, வேற அவசரமோன்னு நெனச்சேன்." ட்ரெஸ்ஸா கடிதத்தை நீட்டினாள். "நான் என்ன வேல பாக்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வெர்லின் சொல்லியிருக்காரு. பெருமையாத்தான் சொல்லுவாரு."

"அப்ப இதுக்கு பதில் சொல்லுங்க. ஆஸ்பத்திரில கெடந்த மனுஷன் நூறு மைல் தள்ளி இருக்கிற ஜன்னல் திட்டுல எப்படி ஊதினாரு?"

மார்வெட்டா கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. டேப்லெட்டைத்தான் எடுத்தாள். ஒரு பச்சைப் புள்ளியை விரலால் தொட்டாள். அது விரிந்து ஒரு வளைகோடாக ஆனது, ஏறி இறங்கும் மலைச்சரிவு மாதிரி. அதை அணைத்துவிட்டு ஒரு சிவப்புப் புள்ளியைத் தொட்டாள். அந்தக் கோடு பாதியிலேயே உடைந்து உடைந்து கிடந்தது.

"இந்தச் சிவப்பு உங்கப்பா. நடுவுல இருமிடுவாரு, கோடு ஒடஞ்சுடும். ஒரு லிட்டர் காத்துகூட வெளிய வராது." மறுபடி பச்சையைத் தொட்டாள். "இது ஒடையல பாத்தியா? ஒண்ணே முக்கால் லிட்டர். இது வேற ஆளு."

"கிளினிக்ல உக்காந்து நீங்களே ஊதிக்கிட்டதா?"

மார்வெட்டாவின் கழுத்து சிவந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "நான் ஊதினா மூணு லிட்டர் வரும், ட்ரெஸ்ஸா. இது நல்லா இருக்கிறவங்க ஊதினது இல்ல."

"உங்க டாக்டர் இதப் பாக்கலையா?"

"பாக்கிறதா கையெழுத்துப் போடுறாரு."

"நீங்க பாத்தீங்கல்ல? எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து." மார்வெட்டா வாசல் பக்கம் பார்த்தாள். "யாருன்னு கேக்கல. கேட்டிருக்கணும். கேட்டா மிஷினப் பிடுங்கிடுவாங்க, உங்கப்பா மாசத்துக்கு ரெண்டு தடவ மலையிறங்கி வரணும். கார்ல ஏறவே அவருக்கு அரை மணி ஆகும்." பிறகு, "மிஷின் இன்னைக்கு வேணாம். அடக்கத்துக்கு வர்றேன், அப்ப கொடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ட்ரெஸ்ஸா ஜன்னல் ஓரமே நின்று ஜூன் மாதத்துக்கு வந்தாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு சிவப்புகூட இல்லை. வியாழக்கிழமையும் பச்சை. அப்பா செத்த நாள். நேரம், காலை ஐந்தே முக்கால்.

ஐந்தே முக்காலுக்கு இந்த வீட்டில் எழுந்திருக்கிறவன் ஒருத்தன்தான்.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் தம்பி ஆர்லிஸ் மார்ச்சில்தான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனதும், இரண்டு பைகளோடு வந்து தன் பழைய அறையில் தங்கிக்கொண்டான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ட்ரெஸ்ஸா அப்போது நிம்மதிப்பட்டாள். இப்போது அந்த நிம்மதியே உறுத்தியது. அப்பாவின் புள்ளி சிவப்பாகவே இருந்திருந்தால் கிளினிக்கிலிருந்து யாராவது ஃபோன் செய்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் வந்திருக்கும். நாலாவது மாடியில் மறுபடி ஒரு கட்டில் கிடைத்திருக்கும். பச்சையைப் பார்த்துவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். சும்மா இருக்கட்டும் என்றுதான் ஊதினானா? வீடு அவனுக்கு வேண்டியிருந்ததா? தன் தம்பியைப் பற்றித் தன் புத்தி இப்படிப் போவதைப் பார்த்து அவளுக்கே வாய் கசந்தது. ஆனால் போன புத்தி திரும்பி வரவில்லை.

அவன் பின்பக்கம், சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வண்டியின் தாழ்த்திய பின்கதவில் உட்கார்ந்தான்.

ட்ரெஸ்ஸா கருவியை அவன் மடியில் வைத்தாள். புது அட்டைக் குழல் மாட்டியிருந்தாள்.

"ஊது."

"என்னக்கா இது?"

"ஊதுடா. எனக்குப் பாக்கணும்."

"பைத்தியமா உனக்கு? அப்பா போய் ரெண்டு நாள்கூட..."

"வியாழக்கிழம காலைல அஞ்சே முக்காலுக்கு ஊதினியே, அதே மாதிரி ஊது."

ஆர்லிஸ் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது, இமை ஓரத்தில் கழுவினாலும் போகாத கரிக்கோடு. பிறகு கருவியை எடுத்து, உதட்டை இறுக்கி, பழகினவன் ஊதுவதுபோல் ஊதினான். ட்ரெஸ்ஸாவின் கையில் டேப்லெட் கிணுகிணுத்தது. பச்சை. ஒன்று புள்ளி ஏழு ஒன்று. 'அருமை, வெர்லின்!' என்றது.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"எதுக்குடா?" என்றாள். "அவர் சாகறது வெளிய தெரியக் கூடாதுன்னா?"

"அக்கா, வாயக் கழுவு."

"அப்ப சொல்லு."

அவன் குழலைக் கருவியிலிருந்து பிடுங்கி விரலிடுக்கில் நசுக்கினான். "மொதல்ல ஊதினது எனக்காக. மார்ச்ல. படியேறினா மூச்சு வாங்குது, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு. அப்பா தூங்குறாருன்னு நெனச்சு ஊதினேன். அவர் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு."

"சுரங்கத்துக்கே பரிசோதனை வண்டி வருதே. ஓசிதானே?"

"வருது. அதுல யாரு ஏறுறான்னு ஃபோர்மேன் வாசல் கேட்டுலேயே நின்னு பாப்பான். ஏறினவன் அடுத்த மாசம் வேலைல இருக்க மாட்டான். வேற காரணம் சொல்லித்தான் அனுப்புவாங்க." அவன் தரையைப் பார்த்தான். "இப்ப கரி எங்கக்கா இருக்கு? ஒரு முழம் கரிக்கு மூணு முழம் பாறைய அறுக்கிறோம். அந்தப் பொடிதான் நெஞ்சுல போய் உக்காருது."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கொண்டா பாப்போம்னு டேப்லெட்ட வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. உன் வயசென்ன இப்பன்னு கேட்டாரு. பெத்தவருக்குத் தெரியாதான்னேன். அப்புறம் நாலு நாள் என்கூடப் பேசல."

சமையலறை ஜன்னல் திரை லேசாக அசைந்து நின்றது. அம்மா அங்கே இருக்கிறாள் என்று ட்ரெஸ்ஸாவுக்குத் தெரிந்தது.

"அஞ்சாவது நாள் அவரே கூப்பிட்டு, அப்பப்ப நீயும் ஊதுடான்னாரு. அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பவும் ஊதச் சொல்லிட்டுதான் வண்டில ஏறினாரு. திரும்பி வந்ததும், இனிமே நான் ஊதல, நீயே ஊது, பச்சையாவே இருக்கட்டும்னாரு. இன்னொரு தடவ அந்த நாலாவது மாடிக்குப் போக மாட்டேன், என் நாற்காலிலதான் போவேன்னாரு." அவன் குரல் உடைந்தது, இருமலா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் முடியக் கொஞ்ச நேரம் ஆனது. "அம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. நீ வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயம்."

போயிருப்பாள். அதில் சந்தேகம் இல்லை.

"கடைசி ரெண்டு நாள் ரொம்ப மோசம். நான் ஊதாம விட்டிருந்தா யாராவது வந்திருப்பாங்க இல்லக்கா? நீதானே இதெல்லாம் தெரிஞ்சவ, நீ சொல்லு."

"தெரியலடா" என்றாள் ட்ரெஸ்ஸா. தெரியும்.

ஆர்லிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எப்படியோ, எனக்கு அம்பத்தெட்டு பர்சென்ட் இருக்கு. அப்பாவுக்கு முப்பதுதான். அம்பத்தெட்டுன்னா இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்."

அவன் நாற்காலிகளுக்குத் திரும்பினான். ட்ரெஸ்ஸா டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேல் மூலையில் கிளினிக் பதிந்து வைத்திருந்த விவரம்: வெர்லின், ஆண், வயது அறுபத்தெட்டு. ஊதுகிறவனை அந்தக் கருவி ஒரு கிழவன் என்று நினைத்துக்கொண்டிருந்தது. கிழவனுக்குத்தான் அது பச்சை.

திங்கட்கிழமை சர்ச்சில் கூட்டம் அதிகம். பழைய சுரங்க ஆட்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். பாட்டுகளின் நடுவில் இருமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டது. பழுப்பு டையும் கறுப்புக் கோட்டும் அப்பாவுக்கு அளவாகவே இருந்தன, முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு.

பெட்டியை மூடுகிற நேரத்தில் ட்ரெஸ்ஸா பின்வரிசையில் மார்வெட்டாவிடம் போனாள். கைப்பையிலிருந்து கருவியையும் டேப்லெட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். கிளினிக் விஷயமா இல்ல."

"கேளு."

"ஒண்ணே முக்கால் லிட்டர், நாப்பத்தொரு வயசுக்குன்னா எத்தன பர்சென்ட்? ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி."

மார்வெட்டா ஏன் என்று கேட்கவில்லை. டேப்லெட்டைத் திறந்து, வயதை அழித்து வேறு வயது போட்டாள், உயரத்தை மாற்றினாள். திரையில் நிறம் மாறியதை ட்ரெஸ்ஸா பார்த்தாள். மார்வெட்டா எண்ணைப் படித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது.

"நாப்பத்தஞ்சு."

"போன மாசமே அதுதானா?"

"மார்ச்லயே அதுதான்."

முன்னால் ஆறு ஆண்கள் பெட்டியின் இருபுறமும் வரிசை கட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். மார்வெட்டா டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "ஞாயித்துக்கிழம ஃபோர்மேனும் சர்ச்லதான் இருப்பான்" என்றாள் மெதுவாக. "அன்னைக்குக் கிளினிக்ல நான் மட்டும்தான் இருப்பேன். அவனக் கூட்டிட்டு வா, பேரெல்லாம் எழுத மாட்டேன்." ட்ரெஸ்ஸா தலையசைத்தாள். தன் ஆயுசில் முதல் தடவையாக, பில்லுக்கான எந்த எண்ணும் போடாமல் ஒரு பரிசோதனை நடக்கப்போவதற்குச் சம்மதிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

குடும்பக் கல்லறை, மேட்டின் உச்சியில். சர்ச்சுக்குப் பின்னால் வண்டி போகாது. தூக்கித்தான் போக வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் களிமண் வழுக்கியது. முன்னால் பாதிரியார், பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ட்ரெஸ்ஸா. ஆர்லிஸ் வலது பக்கம் நடுவில் இருந்தான். அவன் தோள் ஏறி ஏறி இறங்குவதை அவள் எண்ணாமல் இருக்கப் பார்த்தாள்.

பாதி மேட்டில், பெரிய ஓக் மரம் தாண்டியதும், அவன் சொன்னான்: "ஒரு நிமிஷம் இருங்க. ஷூ கயிறு."

பெட்டி நின்றது. அவன் கைப்பிடியை விட்டு விலகி, பாதையோரத்தில் குனிந்தான். மற்ற ஐந்து பேரும் பாரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்துக்கொண்டு மரங்களைப் பார்த்தார்கள். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். ஒலீட்டா மட்டும் மகனின் காலைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடக்கத்துக்கென்று வாங்கிய கறுப்பு ஷூ. அதில் கயிறே இல்லை.

ட்ரெஸ்ஸா கைப்பையை அம்மாவிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரக் களிமண்ணில் வெறுங்காலோடு நடந்து போய், வலது பக்கம் நடுவில் ஆளில்லாமல் இருந்த கைப்பிடியைப் பிடித்தாள்.

"நீ எதுக்கும்மா, அவன் வந்திடுவான்" என்றார் முன்னால் இருந்த பெரியவர்.

"போலாம்" என்றாள்.

பெட்டி மேலே நகர்ந்தது. பின்னால், குனிந்தபடியே இருந்த ஆர்லிஸின் விரல்கள், வழவழப்பான தோலின் மேல் இல்லாத ஒரு முடிச்சை நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தன.